கேட்டில் 10:42, எடைமேடையில் 10:39: அலுவலகக் கடிகாரங்களைக் கண்காணிக்கத் தொடங்குவோருக்கு

மணலி, மாதவரம், எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் இருக்கும் கன்டெய்னர் யார்டு எதுவானாலும், ஒரு டிரெய்லர் உள்ளே வந்து வெளியே போவதற்குள் குறைந்தது நான்கு கடிகாரங்களைத் தாண்டுகிறது. கேட் கேமரா, கேட் பாஸ் அடிக்கும் கணினி, எடைமேடைக் கணினி, பில் போடும் சர்வர். கேமராவில் வண்டி நுழைந்தது 10:42, எடைச் சீட்டில் 10:39 என்று இருந்தால், உள்ளே வருமுன்பே எடை போட்டதாக ஆகிவிடும். சீல் எங்கே உடைந்தது என்று தகராறு வரும் நாளில் அந்த 3 நிமிடத்துக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

"நெட்டில் இருந்துதானே நேரம் எடுக்கிறது, சரியாகத்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். நெட்டில் இருந்து எடுக்கும்படி அமைப்பது பத்து நிமிட வேலை. அது உண்மையிலேயே எடுக்கிறதா, எவ்வளவு தள்ளி இருக்கிறது, எடுப்பது நின்றுபோனால் நமக்கு எப்போது தெரியவரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் எந்த நாளும் பதில் கையில் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

எடுத்துக்காட்டாக ஒரு நடுத்தர யார்டு அலுவலகத்தை வைத்துக்கொள்வோம். உபுண்டு லினக்ஸ் ஓடும் சர்வர் ஒன்று, விண்டோஸ் கணினிகள் மூன்று, எட்டு கேமராக்களுடன் அவற்றின் படத்தைப் பதியும் பெட்டியான என்விஆர் ஒன்று, விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவி ஒன்று. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இருக்கும் துணிக்கடைக்கும் இதே முறை பொருந்தும். எடைமேடைக்குப் பதில் பில்லிங் கவுன்டர், அவ்வளவுதான். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டுத் தட்டுங்கள்.

முதலில்: எத்தனை கடிகாரம் இருக்கிறது என்று எண்ணுங்கள்

ஒரு நோட்டில் நேரம் காட்டும், நேரம் பதியும் எல்லாக் கருவிகளையும் எழுதுங்கள். கணினி, சர்வர் மட்டுமல்ல. ரவுட்டர், ஸ்விட்ச், என்விஆர், ஒவ்வொரு கேமரா, வருகைப்பதிவுக் கருவி, எடைமேடையின் டிஜிட்டல் இன்டிகேட்டர் எல்லாமே. சில இன்டிகேட்டர்கள் எடைச் சீட்டைத் தாமே அச்சிடும். அப்போது சீட்டில் விழுவது இன்டிகேட்டருக்குள் இருக்கும் கடிகாரத்தின் நேரம், பக்கத்தில் இருக்கும் கணினியின் நேரம் அல்ல. இதைக் கவனிக்காமல் கணினியை மட்டும் சரிசெய்துவிட்டு, சீட்டு ஏன் இன்னும் தப்பாக வருகிறது என்று தேடுவோர் நிறைய.

ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விவரங்களை எழுதுங்கள். நேரத்தை எங்கிருந்து எடுக்கிறது? டைம் ஜோன் 5:30 என்று இருக்கிறதா? இன்றைக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறது? மூன்றாவதற்கு இப்போதைக்கு வினாடிக் கணக்கு போதும்.

எவ்வளவு தப்பு வரை பொறுக்கலாம்

எல்லை வைக்காமல் கண்காணிப்பு இல்லை. நாங்கள் சொல்லும் அளவு இது: கேமரா, கேட் பாஸ், எடைச் சீட்டு ஆகியவற்றுக்கு 1 வினாடி, சர்வர்களின் லாக் பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட 100 மில்லிவினாடி. லோக்கல் நெட்வொர்க்கில் நல்ல மென்பொருள் ஓடினால் 1 மில்லிவினாடிக்குள் நிற்பது சாதாரணம் என்பதால், இவை தாராளமான எல்லைகளே. மற்ற மென்பொருள்கள் வைத்திருக்கும் எல்லையும் உண்டு. செல்போன் செயலியில் 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் ஓடிபி ஓரிரு நிமிடம் தள்ளினாலே வேலை செய்யாது. அலுவலகக் கணினிகளை ஒரே லாகின் அமைப்பில் சேர்க்கும் விண்டோஸ் டொமைனில் 5 நிமிடத்துக்கு மேல் தள்ளிய கணினியால் லாகின் ஆக முடியாது. அதற்குள் பிடித்துவிட வேண்டும்.

எங்கிருந்து நேரம் எடுப்பது

இந்திய நேரத்தைப் பராமரிப்பது புது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். நெட் வழியே நேரம் தரும் அதன் என்டிபி சர்வரின் முகவரி டைம் டாட் என்பிஎல்இந்தியா டாட் ஆர்க். தேசிய தகவலியல் மையத்தின் சர்வர்கள் சமய்1 டாட் என்ஐசி டாட் இன், சமய்2 டாட் என்ஐசி டாட் இன். 28 ஏப்ரல் 2022 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, நிறுவனங்கள் தங்கள் கணினிக் கடிகாரங்களை இந்த இரண்டு அமைப்புகளின் சர்வர்களோடோ, அவற்றோடு தொடர்புபடுத்திக் காட்டக்கூடிய சர்வர்களோடோ பொருத்த வேண்டும் என்கிறது. லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்வதும் அதே ஆணைதான். ஆகவே கடிகார லாகையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

அலுவலகத்தின் எல்லாக் கருவிகளையும் வெளி சர்வருக்கு அனுப்பாதீர்கள். லினக்ஸ் சர்வர் மட்டும் வெளியே கேட்கட்டும், மற்றவை அதனிடம் கேட்கட்டும். நெட் போனாலும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தையாவது காட்டும். தகராறு வரும்போது முதலில் வேண்டியது அந்த ஒற்றுமை.

வெளி சர்வர் எத்தனை? இரண்டு வைத்தால், இரண்டும் வேறு வேறு நேரம் சொல்லும் நாளில் எது பொய் என்று தெரியாது. மூன்று வைத்தால் ஒன்று பொய் சொன்னாலும் மற்ற இரண்டு காட்டிக்கொடுக்கும். நான்கு வைத்தால் ஒன்று செத்துக்கிடக்கும் வேளையில் இன்னொன்று பொய் சொன்னாலும் தப்பித்துக்கொள்ளலாம். மேலே சொன்ன மூன்றோடு, தன்னார்வலர்கள் தரும் நேர சர்வர்களின் தொகுப்பான பொது என்டிபி பூலின் இந்தியப் பிரிவில் இருந்து ஒன்றைச் சேர்த்தால் நான்கு ஆகிவிடும். கூகுளின் பொது நேர சர்வரை மட்டும் மற்றவற்றோடு கலக்க வேண்டாம். பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் எப்போதாவது கூட்டும் ஒரு வினாடிதான் லீப் வினாடி. அதைச் சேர்க்கும் நாளில் கூகுள் அந்த ஒரு வினாடியை நாள் முழுக்கப் பரப்பிச் சேர்க்கும், மற்றவை ஒரே அடியாகச் சேர்க்கும், இரண்டும் ஒத்துப்போகாது. கடைசி லீப் வினாடி நம் கணக்கில் 1 ஜனவரி 2017 காலை 5:30-க்குச் சேர்ந்தது.

குரோனியை நிறுவுங்கள்

உபுண்டுவில் பல பதிப்புகளில் முன்னிருப்பாக வருவது சிஸ்டம்டி-டைம்சின்க்டி என்ற நேர மென்பொருள். அது ஒரு நேரத்தில் ஒரு சர்வரை மட்டும் நம்பும், பொய்யைக் கண்டுபிடிக்காது. "டைம்டேட்சிடிஎல்" என்று தட்டினால் "சிஸ்டம் கிளாக் சின்க்ரனைஸ்டு: யெஸ்" என்று வரும். புதிதாக வருவோர் பலரும் இந்த "யெஸ்"ஸோடு நின்றுவிடுகிறார்கள். லினக்ஸ் கெர்னல், கடிகாரத்தில் இருக்கக்கூடிய அதிகபட்சப் பிழையை வினாடிக்கு அரை மில்லிவினாடி வீதம் கூட்டிக்கொண்டே போய், அது 16 வினாடியைத் தொட்டால்தான் "நோ" என்று மாற்றும். கணக்குப் போட்டால் 32,000 வினாடி, அதாவது 8 மணி 53 நிமிடம். நெட் கேபிளைக் காலையில் பிடுங்கினாலும் சாயங்காலம்வரை "யெஸ்" என்றே காட்டும். அதைக் கண்காணிப்புக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே பல சர்வர்களை ஒப்பிட்டு நேரத்தைப் பொருத்தும் குரோனி என்ற மென்பொருளை, உபுண்டுவின் நிறுவும் கருவியான ஆப்ட் மூலம் நிறுவுங்கள். பழையதை அதுவே விலக்கிவிடும். ஈடிசி கோப்புறைக்குள் குரோனி என்ற கோப்புறையில் குரோனி டாட் கான்ஃப் கோப்பு இருக்கும். அதில் செய்ய வேண்டியவை:

நான்கு சர்வர்களுக்கும் "சர்வர்" என்று தொடங்கும் வரி ஒவ்வொன்று. முடிவில் "ஐபர்ஸ்ட்" சேர்த்தால் தொடக்கத்தில் அடுத்தடுத்துச் சில கேள்விகள் போய்ச் சீக்கிரம் பொருந்தும்.

"மேக்ஸ்டெப் 1 3" வரி. சர்வீஸ் தொடங்கிய பின் முதல் மூன்று திருத்தங்களில், 1 வினாடிக்கு மேல் தள்ளியிருந்தால் ஒரே தாவாகச் சரிசெய்யும். அதற்குப் பிறகு தாவாது, மெதுவாக இழுக்கும். அதிகபட்ச வேகத்தில் இழுத்தாலும் 1 மணி நேரத் தப்பைச் சரிசெய்ய 12 மணி நேரம் பிடிக்கும். நடுவில் யாராவது கையால் நேரத்தை மாற்றிவிட்டால் இதுதான் நடக்கும். அப்போது "குரோனிசி மேக்ஸ்டெப்" என்று தட்டினால் உடனே தாவும். பில்லிங் ஓடும் நேரத்தில் தட்டாதீர்கள். நேரம் பின்னால் தாவினால் பில்களின் வரிசை குழம்பும்.

"ஆர்டிசிசின்க்" வரி (இடைவெளி இல்லாமல் ஒரே சொல்). 11 நிமிடத்துக்கு ஒருமுறை சரியான நேரம் மதர்போர்டுக் கடிகாரத்திலும் எழுதப்படும்.

"அலவ்" என்று எழுதி உங்கள் லோக்கல் நெட்வொர்க் முகவரி வரம்பு, உதாரணமாக 192.168.1.0/24. இது இல்லையென்றால் மற்ற கருவிகளுக்குச் சர்வர் பதிலே சொல்லாது.

"லாக்" வரியில் டிராக்கிங், மெஷர்மென்ட்ஸ், ஸ்டாடிஸ்டிக்ஸ் மூன்றும்.

ஃபயர்வாலில் யுடிபி 123 வெளியே போகவும், லோக்கல் நெட்வொர்க்கில் இருந்து உள்ளே வரவும் திறந்திருக்கட்டும். சர்வீஸை மறுபடி தொடங்கி, பத்து நிமிடம் பொறுங்கள்.

எண்களைப் படிப்பது

"குரோனிசி சோர்சஸ்" தட்டினால் நான்கு சர்வர்களும் வரிசையாக வரும். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு குறி. நட்சத்திரம் என்றால் இப்போது பின்பற்றுவது அதை. கூட்டல் குறி என்றால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. கழித்தல் குறி என்றால் நல்லதுதான், ஆனால் சேர்க்கவில்லை. கேள்விக்குறி என்றால் பதில் வரவில்லை, அல்லது இன்னும் நம்பவில்லை. எக்ஸ் என்றால் மற்றவற்றோடு ஒத்துப்போகாத பொய்க் கடிகாரம். அலைக்குறி என்றால் அதன் எண்கள் அளவுக்கு மீறி ஆடுகின்றன.

"ரீச்" என்ற எண்தான் நாங்கள் முதலில் பார்ப்பது. இது எட்டின் அடிமான எண்; கடைசி எட்டு கேள்விகளுக்குப் பதில் வந்ததா என்பதை எட்டு பிட்டுகளில் வைத்திருக்கிறது. எல்லாம் வந்தால் 377. கடைசி ஒன்று மட்டும் வரவில்லையென்றால் 376. எதுவுமே வரவில்லையென்றால் 0. சர்வீஸ் தொடங்கியபோது 1, 3, 7, 17, 37, 77, 177, 377 என்று ஏறும். 377-க்கும் 0-வுக்கும் நடுவே நாள்தோறும் தாறுமாறாக இருந்தால் நெட் இணைப்பில் பாக்கெட்டுகள் தொலைகின்றன என்று பொருள். "போல்" என்ற எண் இரண்டின் அடுக்கு: 6 என்றால் 64 வினாடிக்கு ஒரு கேள்வி, 10 என்றால் 1024 வினாடிக்கு ஒன்று. கடிகாரம் நிலைப்பட்டதும் குரோனியே 6-இல் இருந்து 10-க்கு ஏறிக்கொள்ளும். அவசரப்பட்டு இதைக் குறைத்து வினாடிக்கு ஒருமுறை கேட்கவைத்தால் பொது சர்வர்கள் பதிலை நிறுத்திவிடும்.

அடுத்து "குரோனிசி டிராக்கிங்". இதில்தான் விஷயம் இருக்கிறது.

"சிஸ்டம் டைம்" என்ற வரி, இந்தக் கணத்தில் கடிகாரம் எவ்வளவு வேகம் அல்லது மெது என்று குரோனி கருதுவதைச் சொல்லும். கருதுவதை. அது எவ்வளவு தப்பாகக் கருதக்கூடும் என்பதற்கு வேறு இரண்டு வரிகள்: "ரூட் டிலே" (நேர மூலம்வரை போய்வரும் பயண நேரம்), "ரூட் டிஸ்பெர்ஷன்" (அளவில் சேர்ந்துகொண்டே போகும் நிச்சயமின்மை). சிஸ்டம் டைம் எண்ணோடு ரூட் டிலேயில் பாதியையும் ரூட் டிஸ்பெர்ஷனையும் கூட்டினால் வருவது அதிகபட்சப் பிழை. சிஸ்டம் டைம் 0.0002, ரூட் டிலே 0.0360, ரூட் டிஸ்பெர்ஷன் 0.0020 என்றால், 0.0002 + 0.0180 + 0.0020 = 0.0202. இந்தக் கடிகாரம் 20.2 மில்லிவினாடிக்குள் சரி என்று நம்பிக்கையாகச் சொல்லலாம். வெறும் 0.0002-ஐக் காட்டி "0.2 மில்லிவினாடிக்குள் சரி" என்று எழுதித்தரக் கூடாது.

ஏன் டிலேயில் பாதி? கேள்வி 10:00:00.000-க்குப் புறப்பட்டு, சர்வர் கடிகாரப்படி .070-க்குப் போய்ச் சேர்ந்து, .071-க்குப் பதில் புறப்பட்டு, நம் கடிகாரப்படி .041-க்கு வந்தது என்று வைப்போம். போய்வந்த மொத்த நேரம் 41, சர்வரில் தங்கியது 1. ஆகப் பயணம் 40 மில்லிவினாடி. போக 20, வர 20 என்று எடுத்துக்கொண்டால் சர்வர் நம்மைவிட 50 மில்லிவினாடி முன்னால் இருக்கிறது. இந்தக் கணக்கு முழுக்கப் போகும் நேரமும் வரும் நேரமும் சமம் என்ற ஊகத்தின் மேல் நிற்கிறது. யார்டில் எட்டு கேமரா படமும் கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது அப்லோடு பாதை நெரிகிறது. போக 80, வர 10 ஆகிறது. வித்தியாசத்தில் பாதி, 35 மில்லிவினாடி, நேரத் தப்பாக உள்ளே வந்துவிடும். நம் கடிகாரம் சரியாக இருந்தாலும் 35 பின்தங்கியதாக நினைத்துக்கொண்டு முன்னால் ஓடும். ஒரே சர்வரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இந்தத் தப்பு தெரியாது. நான்கு வைத்தாலும் தெரியாது: நான்கு சர்வருக்கும் பாதை இதே என்பதால் நான்கும் ஒன்றாகச் சாயும். டிலே எண் வழக்கமான 36-இல் இருந்து 90-க்குக் குதித்ததா என்று பார்ப்பதுதான் அறிகுறி. ரவுட்டரில் கேமரா அப்லோடுக்கு வேக வரம்பு வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

"ரெஃப் டைம்" வரியை விட்டுவிடாதீர்கள். கடைசியாக அளந்து திருத்திய நேரம் அது, உலகப் பொது நேரமான யுடிசியில் இருக்கும். 5:30 கூட்டிப் படிக்க வேண்டும். நெட் போய் ஆறு மணி நேரம் ஆனாலும் கடைசியாக அளந்த வித்தியாசத்தைச் சொல்லும் "லாஸ்ட் ஆஃப்செட்" பழைய அழகான எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும், "லீப் ஸ்டேட்டஸ்" நார்மல் என்றே சொல்லும். புதிய அளவு வராததால் எண் மாறவில்லை, அவ்வளவே. ரெஃப் டைம் பழையதாகிறதா, ரூட் டிஸ்பெர்ஷன் வளர்கிறதா என்ற இரண்டும்தான் உண்மையைச் சொல்லும்.

"ஃப்ரீக்வென்சி" என்பது கணினியின் படிகம் இயல்பாகவே எவ்வளவு வேகமாக அல்லது மெதுவாக ஓடுகிறது என்ற அளவு, பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு). 1 பிபிஎம் என்றால் நாளைக்கு 86.4 மில்லிவினாடி. 18 பிபிஎம் மெது என்றால், திருத்தாமல் விட்டால் நாளைக்கு ஒன்றரை வினாடி பின்தங்கும். எண் பெரிதாக இருப்பது கோளாறு அல்ல, குரோனி அதை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. அது திடீரென மாறினால்தான் கவனிக்க வேண்டும். இரவு ஏசியை அணைத்துவிட்டுப் போகும் அலுவலகங்களில் இந்த எண்ணை வரைபடமாகப் போட்டால், ஏசி அணைந்த நேரமும் மறுநாள் காலை போட்ட நேரமும் கோட்டில் தெரியும். சர்வர் ரூம் சூடேறுவதைத் தெர்மாமீட்டர் இல்லாமலே பிடிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: குரோனியின் சோர்சஸ் பட்டியலில் கூட்டல் எண் என்றால் நம் கடிகாரம் முன்னால். பழைய நேர மென்பொருளான என்டிபிடியின் "என்டிபிகியூ" கருவியில் கூட்டல் என்றால் சர்வர் முன்னால். இரண்டையும் ஒரே தாளில் எழுதும்போது குறி தலைகீழாகிவிடும்.

விண்டோஸ் கணினிகள்

எடைமேடைக் கணினியில் நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து "டபிள்யூ32டிஎம் /கியூரி /சோர்ஸ்" தட்டுங்கள். "லோக்கல் சிமாஸ் கிளாக்" அல்லது "ஃப்ரீ-ரன்னிங் சிஸ்டம் கிளாக்" என்று வந்தால் அது யாரிடமும் நேரம் கேட்கவில்லை. டொமைனில் சேராத பழைய விண்டோஸ் கணினிகள் முன்னிருப்பாக 604,800 வினாடிக்கு ஒருமுறை, அதாவது வாரத்துக்கு ஒருமுறைதான் கேட்கும். 20 பிபிஎம் தள்ளும் படிகம் ஒரு வாரத்தில் 12 வினாடி ஓடிவிடும். "கான்ஃபிக்" கட்டளையின் மேனுவல் பியர் லிஸ்ட்டில் நம் லினக்ஸ் சர்வரின் முகவரியைக் கொடுத்து, ரெஜிஸ்ட்ரியில் ஸ்பெஷல் போல் இன்டர்வலை 900 வினாடிக்குக் குறைத்து, விண்டோஸ் டைம் சர்வீஸ் தானாகத் தொடங்கும்படி வையுங்கள். டொமைன் இருந்தால் ஒவ்வொரு கணினியையும் தொடாதீர்கள். முதன்மை (பிடிசி) பொறுப்பில் இருக்கும் டொமைன் கன்ட்ரோலருக்கு மட்டும் நம் சர்வரைக் காட்டினால் மற்றவை அதைப் பின்பற்றும்.

அளப்பதற்கு "டபிள்யூ32டிஎம் /ஸ்ட்ரிப்சார்ட்" இருக்கிறது. கம்ப்யூட்டர் என்ற இடத்தில் நம் சர்வர் முகவரி, சாம்பிள்ஸ் 5, டேட்டாஒன்லி என்று கொடுத்தால், ஐந்து முறை அளந்து வித்தியாசத்தை வினாடியில் தரும். இதை டாஸ்க் ஷெட்யூலரில் மணிக்கு ஒருமுறை ஓடவைத்து, முடிவைச் சர்வரின் பகிர்வுக் கோப்புறையில் கணினி பெயரோடு ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே போங்கள். நேரத்தைத் திருத்தும் சர்வீஸ் தன்னைப் பற்றித் தானே சொல்வதைவிட, வெளியில் இருந்து தனியாக அளந்த இந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

என்விஆர், கேமரா, வருகைப்பதிவு

என்விஆர் அமைப்பில் என்டிபி சர்வராக நம் லினக்ஸ் சர்வரின் ஐபி, இடைவெளி 60 நிமிடம், டைம் ஜோன் 5:30. கேமராக்களுக்கும் இதே. படத்தின் மூலையில் எரியும் நேரம் பல அமைப்புகளில் கேமரா போடுவது. பதிவுக் கோப்பைத் தேடும்போது வரும் நேரம் என்விஆருடையது. ஒன்று சரி, ஒன்று தப்பு என்றால் பதிவைத் தேடி எடுப்பதே பாடாகிவிடும்.

இந்தக் கருவிகளிடம் எவ்வளவு தள்ளி இருக்கிறாய் என்று கேட்டால் பதில் வராது. கண்ணால்தான் அளக்க வேண்டும். நம் சர்வரோடு நேரம் பொருந்திய மடிக்கணினி ஒன்றில் வினாடியில் பத்தில் ஒரு பங்குவரை ஓடும் கடிகாரத்தைப் பெரிய எழுத்தில் திரையில் போட்டு, கேமராவுக்கு முன்னால் ஒரு நிமிடம் பிடியுங்கள். பிறகு என்விஆரில் பதிவை எடுத்து ஒரு ஃபிரேமில் நிறுத்துங்கள். மடிக்கணினித் திரையில் தெரியும் நேரத்தையும் படத்தின் மூலையில் எரியும் நேரத்தையும் ஒப்பிடுங்கள். மூலை நேரம் முழு வினாடியில்தான் மாறும். அது மாறும் ஃபிரேமைப் பிடித்தால் பத்தில் ஒரு பங்கு துல்லியம் கிடைக்கும். நேரலைப் படத்தை வைத்து ஒப்பிடாதீர்கள், அது வந்து சேரவே தாமதமாகும். டிவி சேனலின் கடிகாரமும் இதே காரணத்தால் உதவாது.

சர்வர் பக்கத்தில் "குரோனிசி கிளையன்ட்ஸ்" என்று ரூட் உரிமையோடு தட்டினால் எந்தக் கருவி கடைசியாக எப்போது நேரம் கேட்டது என்ற பட்டியல் வரும். 60 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டிய 5-ஆம் கேமரா மூன்று நாளாகக் கேட்கவில்லையென்றால் அங்கே தெரிந்துவிடும். சாதாரணமாகப் பலர் பயன்படுத்தாத கட்டளை, ஆனால் சிறிய அலுவலகத்துக்கு இதைவிட மலிவான கண்காணிப்பு இல்லை.

வருகைப்பதிவுக் கருவிகள் பலவற்றில் என்டிபி கிடையாது. கணினியில் இருக்கும் மென்பொருள்தான் நேரத்தைக் கருவிக்குத் தள்ளும். அந்தக் கணினி சரியாக இருக்கிறதா, "சின்க் டைம்" தினமும் ஓடுகிறதா என்று பாருங்கள்.

அலாரம் எப்படி வைப்பது

"குரோனிசி" கட்டளைக்கு "-சி" விருப்பம் கொடுத்தால் டிராக்கிங் விவரம் காற்புள்ளி பிரித்த 14 புலங்களாக வரும். 4-ஆவது ரெஃப் டைம், 5-ஆவது சிஸ்டம் டைம், 11-ஆவது ரூட் டிலே, 12-ஆவது ரூட் டிஸ்பெர்ஷன். வேலைகளை நேரப்படி ஓட்டும் லினக்ஸின் கிரானில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் சிறு ஸ்கிரிப்ட் போதும். எச்சரிக்கை அனுப்ப வேண்டியவை நான்கு: ரெஃப் டைம் 1 மணி நேரத்துக்கு மேல் பழையது, மேலே சொன்ன அதிகபட்சப் பிழை 100 மில்லிவினாடியைத் தாண்டியது, நட்சத்திரம் அல்லது கூட்டல் குறியோடு இருக்கும் சர்வர்கள் இரண்டுக்குக் கீழே போனது, ஃப்ரீக்வென்சி ஒரே நாளில் 10 பிபிஎம்முக்கு மேல் மாறியது.

இதோடு, எல்லாம் சரியாக இருந்தாலும் தினமும் காலை 9 மணிக்கு ஒரு வரி செய்தி வரட்டும். ஸ்கிரிப்டே செத்துப்போனால் எச்சரிக்கையும் வராது, அந்த அமைதியை நாம் நலம் என்று எடுத்துக்கொள்வோம். 9 மணிச் செய்தி வராத நாளில் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும்.

நாகியோஸ் போன்ற தயார்க் கண்காணிப்புக் கருவியை வைத்திருப்பவர்கள், அதன் என்டிபி நேரச் சோதனையின் முன்னிருப்பு எல்லை எச்சரிக்கைக்கு 60 வினாடி, ஆபத்துக்கு 120 வினாடி என்பதைக் கவனியுங்கள். மாற்றாமல் விட்டால் 50 வினாடி தள்ளிய சர்வருக்கும் பச்சை விளக்குதான்.

தப்பின் அளவே காரணத்தைச் சொல்லும்

சரியாக 5 மணி 30 நிமிடம் தள்ளியிருந்தால் அது டைம் ஜோன், கடிகாரத்தைத் திருப்பாதீர்கள். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தாலும் இது வரும், ஏனென்றால் மதர்போர்டுக் கடிகாரத்தை ஒன்று உள்ளூர் நேரமாகவும் மற்றது யுடிசியாகவும் படிக்கிறது. சரியாக 30 நிமிடம் என்றால், யாரோ 5 அல்லது 6 என்று முழு மணி ஜோனைத் தேர்ந்திருக்கிறார்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு வருடக்கணக்கில் பின்னால் போயிருந்தால் மதர்போர்டு பேட்டரி. சிஆர்2032 என்ற காசு அளவு பேட்டரி, 3 வோல்ட். மல்டிமீட்டரில் 2.8-க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர் கடலோரத்தில் பேட்டரி நன்றாக இருந்தும் பிடிப்பானில் உப்புக்காற்றால் பச்சைக் களிம்பு ஏறித் தொடர்பு விட்டுப்போவதும் உண்டு. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, உலர்ந்த பின் போடுங்கள். தேதி தப்பாக எழும் கணினி எந்தப் பாதுகாப்பான இணையத்தளத்தையும் திறக்காது, சான்றிதழ் இன்னும் செல்லாது என்று மறுக்கும். "நெட் வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்களில் இதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகைகளில் 5-க்கு முந்தையவற்றில் பேட்டரிக் கடிகாரமே கிடையாது. அணைத்த நேரத்தில் இருந்தே எழும்.

அணைந்து கிடக்கும் கருவி நாளுக்கு ஒரு வினாடிக்கு அருகில் பின்தங்கினால் அது வெயில். பேட்டரிக் கடிகாரங்களில் இருக்கும் 32.768 கிலோஹெர்ட்ஸ் படிகம் 25 டிகிரியில் சரியாக ஓடும்படி வெட்டப்பட்டது. அதில் இருந்து விலகும் டிகிரியின் வர்க்கத்தை 0.034-ஆல் பெருக்கினால் எத்தனை பிபிஎம் மெதுவாகும் என்று தோராயமாக வரும். 45 டிகிரி தகரக் கேபினில் 20-இன் வர்க்கம் 400, ஆக 13.6 பிபிஎம், நாளைக்கு 1.2 வினாடி. மே மாதத்தில் கேட் கேபின் கருவிகள் மட்டும் பின்தங்குவதற்குக் கருவியைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

முன்னும் பின்னும் சில வினாடி தாவிக்கொண்டே இருந்தால் இரண்டு பேர் ஒரே கடிகாரத்தைத் திருப்புகிறார்கள். விர்ச்சுவல் மெஷினில் ஹோஸ்டும் குரோனியும், அல்லது விண்டோஸில் டைம் சர்வீஸும் வேறொரு நேர மென்பொருளும். ஒன்றை நிறுத்துங்கள்.

எல்லா சர்வருக்கும் ரீச் 0 என்றால் ஃபயர்வால், அல்லது ரவுட்டர் யுபிஎஸ்ஸில் இல்லை. சர்வரை யுபிஎஸ்ஸில் வைத்துவிட்டு ரவுட்டரையும் ஸ்விட்சையும் நேரடிக் கரண்டில் விடுவது அடிக்கடி நடப்பது.

நெட்டை நம்ப முடியாத இடத்துக்கு ஜிபிஎஸ்

நெட் நாள்கணக்கில் போகும் யார்டாக இருந்தால் நீயோ-6எம் போன்ற, வினாடிக்கு ஒரு துடிப்பு தரும் பிபிஎஸ் கால் வெளியே எடுத்த ஜிபிஎஸ் ரிசீவரை ராஸ்பெர்ரி பையோடு இணைத்து, செயற்கைக்கோளில் இருந்து நேரடியாக நேரம் எடுக்கும் சொந்த ஸ்ட்ராட்டம் 1 சர்வர் வைக்கலாம். பிபிஎஸ் காலைப் பலகையின் ஜிபிஐஓ 18 என்ற பின்னில் இணைப்பது வழக்கம். யுஎஸ்பி வழியே ரிசீவர் எழுத்தாக அனுப்பும் என்எம்இஏ வரிகளை மட்டும் நம்பினால் நூறு மில்லிவினாடிக்கும் மேல் ஆடும். வினாடி தொடங்கும் கணத்தைச் சொல்வது பிபிஎஸ் துடிப்புதான். ஆன்டெனா வானத்தைப் பார்க்க வேண்டும், அடுக்கிய கன்டெய்னர் சுவர் ஓரம் உதவாது. இணைப்பியைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றுங்கள், இல்லையேல் உப்புக்காற்று தின்றுவிடும். ஜிபிஎஸ்ஸின் உள் நேரம் யுடிசியைவிட 18 வினாடி முன்னால் ஓடுகிறது. அந்த வித்தியாசம் செயற்கைக்கோளில் இருந்து 12.5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும். பல நாள் அணைந்து கிடந்த ரிசீவரை முதல் கால் மணி நேரம் நம்பாதீர்கள். பழைய ரிசீவர்கள் வாரக் கணக்கை 1024 வரைதான் எண்ணும், அதனால் ஏறத்தாழ 19 ஆண்டு 7 மாதம் பின்னால் போன தேதியைக் காட்டக்கூடும். கடைசியாக அந்தச் சுற்று முடிந்தது 6 ஏப்ரல் 2019. இதற்காகவே ஜிபிஎஸ் வைத்த பிறகும் நெட் சர்வர்களை எடுத்துவிடாமல், "நோசெலக்ட்" என்ற சொல்லைச் சேர்த்துப் பட்டியலில் வையுங்கள். குரோனி அவற்றைப் பின்பற்றாது, ஆனால் அளந்து காட்டிக்கொண்டே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

அமைத்து ஒரு மாதம் ஆனதும், வேலை இல்லாத ஒரு ஞாயிறு காலை ரவுட்டரின் வெளி இணைப்புக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் சர்வரின் திரையிலும் லாகிலும் எச்சரிக்கை எழுந்திருக்க வேண்டும். அது வெளியே போக அதே நெட்டைத்தான் நம்பியிருக்கிறதா என்றும் அப்போது தெரியும். அப்படியானால் எஸ்எம்எஸ் அனுப்பும் சிம் மோடம் ஒன்றை வாங்குங்கள். திங்கள் காலை கேபிளைச் செருகுமுன் டிராக்கிங் எண்களைக் குறித்துக்கொண்டு, செருகிய பின் முதல் அளவில் எவ்வளவு தள்ளியிருந்தது என்று பாருங்கள். குரோனி ஃப்ரீக்வென்சியை அரை பிபிஎம்முக்குள் கணித்திருந்தால் 24 மணி நேரத்துக்கு 43 மில்லிவினாடிக்குள் நிற்க வேண்டும். அதைப் போல நாலைந்து மடங்கு வந்தால் சர்வர் இருக்கும் இடத்தின் சூடு ஆடுகிறது. ஏசி காற்று நேராக அடிக்காத, வெயில் படாத மூலைக்கு அதை மாற்றி, அடுத்த ஞாயிறு மறுபடி கழற்றிப் பாருங்கள்.